அழுமூஞ்சி ராட்டினம்

லீவர் அக்கா வீட்டுச் சமையலறை ஜன்னலுக்குக் கொக்கி கிடையாது. பல வருடங்களாக அந்த ஜன்னல் கதவைத் திறந்து நிறுத்தி வைத்திருந்தது ஓர் இரும்புக் கைப்பிடி. ஏறக்குறைய முழங்கை நீளம். ஒரு முனையில் சதுரமான ஓட்டை, மறுமுனையில் கை பட்டுப் பட்டு மொழுமொழுவென்று ஆகிவிட்ட மரக் குமிழ். காற்றடித்தால் கதவு அதன்மேல் மோதி டங்கென்று சத்தம் கேட்கும். அவளுடைய வீட்டுக்காரர் படித்துக்கொண்டிருக்கும் செய்தித்தாளை இறக்காமலே கேட்பார்.

"என்ன, உன் மூத்த பொண்ணு கூப்பிடுறாளா?"

மூத்த பொண்ணு என்று அவர் சொன்னது ஒரு ராட்டினத்தை. பெற்ற பெண் ஒருத்திதான். அவளுக்கு இந்தக் கேலி சின்ன வயதிலிருந்தே பிடிக்காது.

ஊர் முடிகிற இடத்தில், பஸ் டிப்போவைத் தாண்டி இருந்த பூங்காவில் நின்றது அந்த ராட்டினம். நடுவில் ஒரு தூண், அதன் தலையில் பெரிய குடை, குடையின் விளிம்பிலிருந்து சங்கிலிகளில் தொங்கும் நாற்காலிகள். சுற்றச் சுற்றக் குடை தூணோடு மேலே ஏறும். நாற்காலிகள் வெளிப்பக்கமாக விரிந்து மரங்களுக்கு மேல் பறக்கும். பூங்காக்காரர்கள் பலகையில் 'வானப் பறவை' என்று எழுதி வைத்திருந்தார்கள். எழுதினவரைத் தவிர வேறு யாரும் அந்தப் பெயரைச் சொன்னதாகத் தெரியவில்லை. ஊருக்கு அது அழுமூஞ்சிதான்.

காரணம், அது அழும். கிளம்பும்போது மெல்ல ஒரு சிணுங்கல். குடை ஏற ஏற அந்தச் சிணுங்கல் நீண்டு, கடை வாசலில் பொம்மை கேட்டு அடம்பிடிக்கிற பிள்ளையின் அழுகையாகவே ஆகிவிடும். உச்சிக்குப் போனதும் பொம்மை கிடைத்துவிட்டது மாதிரி கப்சிப். அந்த அமைதியில்தான் ஏறியிருப்பவர்கள் எல்லோரும் ஒன்றாகக் கத்துவார்கள். அதற்காகவே காசு கொடுத்து ஏறியவர்கள் உண்டு.

லீவர் அக்கா முதலில் டிக்கெட் கிழித்துக் கொடுக்கத்தான் அங்கே சேர்ந்தாள். ராட்டினம் ஓட்டிக்கொண்டிருந்த ஆள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வேறு வேலைக்குப் போய்விட்டான். மேனேஜர் சுற்றும்முற்றும் பார்த்தார். கை சும்மா இருந்தது இவளுக்குத்தான். "நீ போய் நில்லும்மா, ஒரு வாரத்துக்கு" என்றார். அந்த ஒரு வாரம் அவளுக்குத் தலை நரைக்கும்வரை நீண்டது. ஆரம்பத்தில் ஒரு மனிதர், பெண் பிள்ளை ஓட்டுகிறாளா என்று சொல்லி நாற்காலியிலிருந்து எழுந்தார். "இறங்கிக்கோங்கண்ணே, எனக்கும் பாரம் குறையும்" என்றாள். வரிசையே சிரித்தது. அவரும் அசட்டுச் சிரிப்போடு மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

ஓடும்போது அவள் மேலே பார்க்க மாட்டாள். தரையில் விழுந்த கம்மலைத் தேடுகிறவள்போல் தலையைக் குனிந்துகொண்டு, கையை லீவரில் வைத்தபடி நிற்பாள். யாராவது கேட்டால், "மேல பாத்தா தலை சுத்தும். நான் காதாலதான் ஓட்டுறேன்" என்பாள். விளையாட்டுக்குச் சொன்னதல்ல. அழுகை ஆரம்பித்தால் இவ்வளவு தள்ள வேண்டும், அழுகை நின்றால் அப்படியே பிடித்திருக்க வேண்டும். அவள் கைக்குத் தெரிந்த பாடம் அவ்வளவுதான்.

அந்தப் பாடம் ஒருமுறை எல்லோரையும் காப்பாற்றியது. ஒரு பிற்பகல், நாற்காலிகள் நிறைந்திருந்தன. குடை உச்சிக்குப் போயிற்று. அழுகை நிற்கவில்லை. வெடுக்கென்று நிறுத்தினால் நாற்காலிகள் ஒன்றோடொன்று மோதிச் சங்கிலிகள் பின்னிக்கொள்ளும். ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு லீவரைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து இறக்கினாள். பிறகு உச்சியைத் திறந்து பார்த்தபோது, பேரிங்குக்குள் இருந்த குண்டுகள் அரைபட்டுத் தூளாகக் கொட்டின. அப்போதிருந்த மெக்கானிக் அந்தத் தூளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு, "இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தா..." என்றார்.

பேரிங் மாற்றினார்கள். மறுநாளே ராட்டினம் அழுதுகொண்டு ஏறி, சிரித்துக்கொண்டு சுற்றியது. லீவர் அக்காவும் வழக்கம்போல் ஊர்ப் பிள்ளைகளைத் தன் கையாலேயே தூக்கி உட்காரவைத்துச் சங்கிலி மாட்டிவிட்டாள். தன் மகளை மட்டும் ஏற்றவில்லை. அன்றைக்கு இல்லை, அதற்குப் பிறகு என்றைக்குமே இல்லை. உயரம் போதாது என்றாள். சளி பிடித்திருக்கிறது என்றாள். நாற்காலி ஈரம் என்றாள். வெயில் கொளுத்துகிற நாளில்கூட நாற்காலி ஈரமாக இருந்தது. மகள் வேலியைப் பிடித்துக்கொண்டு, தன் வகுப்புப் பிள்ளைகள் தலைக்கு மேல் பறந்து போவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வளர்ந்தாள்.

கைப்பிடிக் கதைக்கு வருவோம். லீவரின் கைப்பிடி கழற்றி மாட்டுகிற மாதிரியானது. அது இல்லாவிட்டால் ராட்டினம் வெறும் தூண். தினமும் வேலை முடிந்ததும் அவள் அதைக் கழற்றிச் சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவாள். ஒருமுறை லீவு தராத கோபத்தில் மேனேஜரிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் கைப்பிடியோடு கிளம்பிவிட்டாள். மனிதர் அவள் வீட்டு வாசலுக்கே வந்து, "அம்மா தாயே, எத்தனை நாள் வேணும்னாலும் லீவு எடுத்துக்கோ, அதை மட்டும் குடுத்துடு" என்று கெஞ்சினார். அவள் வாழ்க்கையில் யாரையும் அப்படி மடக்கியது அந்த ஒரு தடவைதான். அந்த ருசி அவளுக்கு மறக்கவே இல்லை.

பிறகு புது ராட்டினங்கள் வந்தன. தலைகீழாகத் தொங்கவிடுகிறவை, காதைப் பிளக்கிற பாட்டோடு குலுக்கி எடுக்கிறவை. அழுமூஞ்சியை நீலத் தார்ப்பாயால் மூடிக் கயிறு கட்டினார்கள். அவளைப் பைகள் பாதுகாக்கும் அறையில் உட்காரவைத்தார்கள். அடுத்தவர்களுடைய செருப்புக்கும் குடைக்கும் காவல் இருக்க அவளுக்குப் பொறுக்கவில்லை. நின்றுவிட்டாள். கைப்பிடியை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அது ஜன்னலுக்கு முட்டாயிற்று.

அதைத் தேடிக்கொண்டு ஒருநாள் வந்து சேர்ந்தார் பல் டாக்டர். பழைய ராட்டின நேசர் குழு என்று ஒன்று ஆரம்பித்திருந்தார்கள், அதற்கு அவர் தலைவர். சிறு பையனாக அழுமூஞ்சியில் ஏறி வாந்தி எடுத்தவர், பெரியவனாகி அதே அழுமூஞ்சியில் வைத்துத் தன் மனைவியிடம் கல்யாணப் பேச்சை எடுத்தவர். நல்ல மனிதர். உயிருள்ள பல்லைப் பிடுங்கும்போது கண் சிமிட்டாதவர், துருப்பிடித்த இரும்பைப் பார்த்தால் மட்டும் கண் கலங்கிவிடுவார். ஜன்னலில் இருந்த கைப்பிடியைப் பார்த்ததும் இரண்டு கையாலும் எடுத்து மார்போடு வைத்துக்கொண்டார்.

"இத்தனை வருஷமா இது இங்கதான் இருந்துச்சா? அழுமூஞ்சியைத் திரும்ப ஓட வைக்கப்போறோம்மா. நீங்கதான் ஓட்டணும்."

லீவர் அக்கா ஜன்னலுக்கு ஒரு கரண்டியை முட்டுக் கொடுத்துவிட்டு அன்றைக்கே அவரோடு கிளம்பினாள். வீட்டுக்காரர் மட்டும் செய்தித்தாளை இறக்கி, "முடிஞ்சு போனதை எதுக்கு நோண்டுறீங்க?" என்றார். அவர் குரலில் அன்று கேலி இல்லை. அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

குழுக்காரர்கள் கைப்பிடியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கத்தான் ஆசைப்பட்டார்கள். ராட்டினத்துக்கு ஒரு நகல் செய்துகொள்ளலாம் என்றார்கள். "அசல் என் கையில இருக்கட்டும், நகலை நீங்க அழகு பாருங்க" என்று அவள் ஒரே பிடியாக நின்றாள். பித்தளையில் ஒரு நகல் செய்தார்கள். கடைசல் பட்டறைக்காரர் கெட்டிக்காரர். மாட்டிப் பார்த்தபோது அச்சாகப் பொருந்தியது. எல்லோரும் கைதட்டிவிட்டு, அதைக் கழற்றிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள்.

குழு அமர்த்திய புது மெக்கானிக்கும் வேலையில் குறை வைக்கவில்லை. தூணைச் சுரண்டி வர்ணம் அடித்தார், சங்கிலிகளை மாற்றினார். உச்சி பேரிங்கைத் தட்டிப் பார்த்து, சுழற்றிப் பார்த்து, நல்லபடியாகவே இருக்கிறது என்று கிரீஸ் அடைத்து மூடினார். குழுக்காரர்களுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. எவ்வளவுக்கு எவ்வளவு பழையது மிச்சமோ அவ்வளவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

முதல் சோதனை ஓட்டத்தில் ராட்டினம் ஏறியது. சுற்றியது. சத்தமே இல்லை.

கல்யாண வீட்டில் சாப்பாடு தீர்ந்துபோனதுபோல் எல்லோர் முகமும் தொங்கிவிட்டது. மெக்கானிக்குக் கோபம் வந்தது. சத்தம் இல்லாமல் ஓடுவதற்காக ஒருவனைத் திட்டுகிற கூட்டத்தை அவர் அன்றுதான் பார்க்கிறாராம். அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் அந்த நேரத்தில் லீவர் அக்கா வாயைத் திறந்தாள்.

"அழலைன்னா அது என்ன அழுமூஞ்சி? சீலிங் ஃபேன் மாதிரி சுத்துது."

அந்த ஒரு வார்த்தைதான். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பின்னால் எத்தனையோ தரம் நினைத்துக்கொள்ளப்போகிறாள் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது. பல் டாக்டர் துள்ளிக் குதித்தார். அவருடைய அப்பா எடுத்த பழைய வீடியோ ஒன்று இருந்தது. அதிலிருந்து அழுகையை மட்டும் பிரித்தெடுத்து, ஒரு ஸ்பீக்கரில் ஏற்றி, தூணில் பொருத்திவிட்டார்கள். வயர் லீவர் அக்காவின் கால்மாட்டில் இருந்த பிளக்குக்கு வந்தது.

மறுபடி ஓட்டினார்கள். அந்தக் குரல் கேட்டதும் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இளமையே திரும்பி வந்து எதிரில் நின்றதுபோல் இருந்தது அவளுக்கு. குடை உச்சிக்குப் போயிற்று. அழுகை நிற்கவில்லை. அவள் கை தானாகவே லீவரை இழுக்கப் போயிற்று.

"டாக்டர், உச்சியில இது அழக் கூடாது."

"ரெக்கார்டிங் தானேம்மா? திரும்பத் திரும்பப் பாடும். ஜனங்களுக்கும் அதுதானே வேணும்."

அவளுக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் கேட்டு வாங்கியதும் அவள்தானே. இவ்வளவு பேர் சந்தோஷமாக இருக்கும்போது மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்ள அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அடுத்தடுத்த சோதனைகளில் உச்சியில் அழுகை கேட்கும்போதெல்லாம் துடிக்கிற கையை அடக்கிப் பழக்கினாள். கை மெல்ல மெல்லப் பழகிக்கொண்டது. எல்லாவற்றையும்விட அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

திறப்பு விழா அன்று பூங்காவில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். நரைத்த தலைகள்தான் அதிகம், பள்ளிக்கூடப் பிள்ளைகளைவிட மோசமாக இடித்துத் தள்ளிக்கொண்டு நின்றன. முதல் சுற்றுக்கான நாற்காலியில் மகள் வந்து உட்கார்ந்தாள். கல்யாணமாகி, கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு, சின்னப் பிள்ளைபோல் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு என்ன சாக்கு வெச்சிருக்கே? நாற்காலி ஈரமா?"

லீவர் அக்கா சங்கிலியை மாட்டினாள். இழுத்துப் பார்த்தாள். நகர்ந்தவள் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்த்தாள்.

"போதும்மா, மூச்சு முட்டுது" என்று மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் பழைய கோபம் கரைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு எந்தத் தாய்க்கு வேண்டாம் என்று சொல்ல மனசு வரும்?

ராட்டினம் கிளம்பியது. ஸ்பீக்கர் அழுதது. கூட்டமும் கூடச் சேர்ந்து ஊளையிட்டது. லீவர் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். குடை ஏறியது. கூட்டத்தின் சத்தம் ஓய்ந்து அழுகை மட்டும் மிஞ்சியபோது அவளுக்கு ஏதோ உறுத்தியது. ஒரு பிள்ளை அழுகிற மாதிரி இல்லை. ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள் அழுகிற மாதிரி இருந்தது. ஒன்று கொஞ்சம் முந்தி, ஒன்று கொஞ்சம் பிந்தி.

பிளக்கைக் காலால் உதைத்துப் பிடுங்கினாள். அழுகை நிற்கவில்லை.

லீவரைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தாள். ஒவ்வொரு சுற்றிலும் மகளின் சிரிப்பு தலைக்கு மேல் வந்து போனது. "அம்மா, இங்க பாரு!" என்று மகள் கத்தினாள். வாழ்நாளில் முதல் தடவையாக ஓடும்போது அவள் மேலே பார்த்தாள். உடனே குனிந்துகொண்டாள். நாற்காலிகள் தாழ்ந்தன. கால்கள் தரையைத் தொட்டன. ராட்டினம் நின்றது.

அழுகை அப்போதும் நிற்கவில்லை. அசையாமல் நின்ற ராட்டினம் தூணிலிருந்து ஊவென்று அழுதுகொண்டிருந்தது. மெக்கானிக் ஓடிவந்தார், என்ன நடந்தது என்று கேட்டார், ஸ்பீக்கரைப் பார்த்தார், விழுந்து விழுந்து சிரித்தார்.

"அக்கா, அதுல பேட்டரி இருக்கு! வயரைப் புடுங்கினாலும் பாடும். கரண்ட் போனா விழா கெட்டுடக் கூடாதுன்னு டாக்டர் பாத்துப் பாத்து வாங்கினது."

"ரெண்டு குரலா கேட்டுச்சுப்பா."

"இப்ப எத்தனை கேக்குது?"

அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஒன்றுதான் கேட்டது.

"வயசாகுதுல்ல அக்கா. காது கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும்" என்றார் அவர், தணிவாகத்தான். தூணில் கை வைத்துப் பார்த்தார். சூடு இல்லை, அதிர்வு இல்லை.

"எதுக்கும் உச்சியைத் திறந்து பாத்துடு."

"இன்னைக்கா? வரிசையைப் பாருங்க. நாளைக்குக் காலையில முதல் வேலையா பாக்குறேன்."

அவளுக்கே நிச்சயமில்லை. அதுதான் கொடுமை. அவளிடம் இருந்தது காது ஒன்றுதான், அதையும் அவளே கெடுத்து வைத்திருந்தாள். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். மகள் சங்கிலியைக் கழற்றிக்கொண்டு இறங்கி வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"பாதியில இறக்கிட்டே. இப்பவும் எனக்கு முழுசா ஒரு சுத்து குடுக்க உனக்கு மனசு வரலை, இல்ல?"

"அப்படி இல்லடி, வா, வீட்டுக்குப் போலாம்."

"நீ போ. நான் முழுசா சுத்திட்டுத்தான் வருவேன்." அவள் விடுவிடுவென்று போய் வரிசையில் நின்றுகொண்டாள்.

லீவர் அக்கா கொஞ்ச நேரம் அவளையே பார்த்தாள். பிறகு தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினாள். கைப்பிடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலைப் பார்த்து நடந்தாள். இனி எவன் வந்தாலும் இன்றைக்கு ஓட்ட முடியாது, மகள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், தரையில் நின்று கோபித்துக்கொள்ளட்டும் என்று நினைத்தபோது மூச்சு கொஞ்சம் சீராக வந்தது.

வாசலுக்கருகே பின்னால் காலடிச் சத்தம். பல் டாக்டர் மூச்சிரைக்க ஓடிவந்தார். கையில் அந்த ஸ்பீக்கர்.

"அம்மா, தப்பு எங்க மேலதான். இந்தப் பாழாப்போன பெட்டியைக் கழட்டிட்டேன், பாருங்க. பேட்டரியையும் எடுத்தாச்சு. நீங்க வந்து உங்க காதால ஓட்டுங்க. சத்தம் வேணாம். நீங்க இல்லாம எங்களுக்கு அழுமூஞ்சியே வேணாம்."

அவள் ஸ்பீக்கரை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தாள். செத்துக் கிடந்தது. மனிதர்மேல் அவளுக்கு இரக்கம் வந்தது. சிரித்தேவிட்டாள்.

"உச்சியைத் திறந்து பாத்தப்புறம் ஓட்டலாம் டாக்டர். எங்கே போயிடப்போகுது?"

"சரிம்மா. நீங்க சொன்னா சரி. கைப்பிடியே உங்ககிட்டதானே இருக்கு."

அப்போது அழுகை கேட்டது.

முதலில் மெல்ல, ஒரு சிணுங்கல். பிறகு நீண்டது. மரங்களுக்கு அப்பாலிருந்து, ஏற ஏறப் பெரிதாகிக்கொண்டே வந்தது. பின்னாலேயே கூட்டத்தின் ஆரவாரம். யாரோ மைக்கில், "அசல் குரல் வந்துருச்சு!" என்று கத்தினார்கள். பல் டாக்டர் அவள் கையிலிருந்த ஸ்பீக்கரைப் பார்த்தார்.

"கண்ணாடிப் பெட்டி..." என்றார். "அந்தப் பித்தளைக் கைப்பிடி..."

ஸ்பீக்கரைக் கீழே போட்டுவிட்டு அவள் ஓடினாள். மரங்களுக்கு மேலே நாற்காலிகள் தெரிந்தன. அவற்றில் ஒன்றில் மஞ்சள் சட்டை. குடை உச்சியைத் தொட்டது. அவள் ஓடிக்கொண்டே அழுகை நிற்பதற்காகக் காத்திருந்தாள். நிற்கவில்லை. பைக்குள் விட்ட அவள் கை கைப்பிடியைப் பற்றி, சங்கிலிகள் பின்னிக்கொள்ளாதபடி, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது.